மாப்பிள்ளை சொருகிய வயர்

சந்தேகப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டால், ஆதாரத்தைப் படித்துப் பார்க்கும் பொறுமை போய்விடுகிறது. எனக்கு அந்தப் பொறுமை போனதால் என் தங்கையின் கல்யாணம் ஒரு மதியம் அந்தரத்தில் தொங்கியது.

ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டிலிருந்தே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். நாங்கள் எழுதும் புரோகிராமில் திருடன் நுழைய வழி இருக்கிறதா என்று ஸ்கேனர் என்ற இன்னொரு புரோகிராம் சோதிக்கும். இருந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். இல்லாவிட்டாலும் எச்சரிக்கும். தினமும் இப்படியே வந்ததால், படிக்காமலேயே ‘பொய் எச்சரிக்கை’ என்று குறித்து மூடிவிடுவேன். (வேலையைச் சட்டென்று முடிப்பவள் என்று கம்பெனியில் நல்ல பெயர் வேறு.)

அன்று தங்கை கவிதாவைப் பெண் பார்க்க, கண்ணமங்கலத்திலிருந்து செல்வமும் அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். செல்வம் அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நான் லீவு போடவில்லை. ஒருநாள் நான் இல்லாவிட்டால் கம்பெனி கவிழ்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

கரன்ட் போனது. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, போன்ல சார்ஜ் சுத்தமா இல்லீங்க. உங்க லேப்டாப்ல சொருவிக்கட்டுமா?” என்றார் செல்வம்.

“சொருவிக்குங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, சாமைப் பாயசம் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் திரையில் சிவப்பு எழுத்து: ‘மிக ஆபத்து. பாஸ்வேர்டு வெளியே தெரிகிறது.’

செல்போன் கடை, வயர், பாஸ்வேர்டு. மூன்றையும் என் மூளை அந்த நொடியே முடிச்சுப் போட்டது. வந்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை என்பதும் உறைத்தது. (பெண் பார்க்க வந்தவர் பாட்டா பாடுவார்?) வயரைப் பிடுங்கிப் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“தம்பி, என் லேப்டாப்ல இருந்து இன்னா எடுத்தீங்க?”

அவர் விழித்தார். “சார்ஜுதாங்க்கா எடுத்தேன்.”

அவருடைய அம்மா பாயச டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னாம்மா, எம் புள்ளைய திருடன்னு சொல்றியா? எழுந்திருடா, வூட்டுக்குப் போலாம்.”

“ஆபீஸ்ல கேக்குற வரைக்கும் போன் என்கிட்டதான் இருக்கும்” என்றேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கவிதா என்னைப் பார்த்த பார்வையில் அக்கா என்ற உறவே இல்லை.

எங்கள் டீம் லீடரை என் போனில் அழைத்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டேன்.

“எந்த வரின்னு காட்டுது?” என்று கேட்டார்.

“பார்க்கல சார். சிவப்பா இருக்கு.”

“படிங்க.”

படித்தேன். “பாஸ்வேர்டு, ஈக்வல் டு, ‘உங்கள் பாஸ்வேர்டை இங்கே எழுதவும்’.”

எதிர்முனையில் பெருமூச்சு. “அது காலையில நீங்களே எழுதினது. திரையில வர்ற வாசகம். பாஸ்வேர்டுங்கிற பேருக்குப் பக்கத்துல எது இருந்தாலும் ஸ்கேனர் அதையே பாஸ்வேர்டுன்னு நெனச்சிக்கும். தினமும் பொய்னு மூடுறீங்களே, அது எல்லாமே இதுதானே? இன்னிக்கு மட்டும் எப்படி நம்பினீங்க?”

பதில் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

“மன்னிச்சிருங்க தம்பி” என்று போனை நீட்டினேன். செல்வம் வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டு பர்சன்ட்தான் ஏறியிருக்குதுக்கா. மறுபடி சொருவிக்கட்டுமா?”

முதலில் சிரித்தது கவிதாதான். அந்தச் சத்தத்துக்குத்தான் செல்வம் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு யார் வந்தும் அந்தக் கல்யாணத்தை நிறுத்தியிருக்க முடியாது.

இப்போது எந்தச் சிவப்பு வரியையும் நான் படிக்காமல் மூடுவதில்லை; படிக்காமல் நம்புவதும் இல்லை. ஆனால் கண்ணமங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போதெல்லாம், செல்வத்தின் அம்மா வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

“பையைத் தொறந்து ஒருவாட்டி பாத்துக்கம்மா. எல்லாம் இருக்குதா?”

வீடே சிரிக்கும். அவர் மட்டும், நான் பையைத் திறக்கும் வரை காத்திருப்பார்.