வாசலுக்கு நேரே ஒரு கம்பம்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் தெரியவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் விலாசம் வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் மனித குலத்தின் அடுத்த பெரும் பாய்ச்சல் எங்கே, யாரால் நிகழ்த்தப்பட்டது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம். மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டி, ஸ்ரீ வாஸ்துலட்சுமி நகரில், குடியிருப்போர் நலச் சங்கத்தாரால், 2006ஆம் ஆண்டு நிகழ்த்தப்பட்டது. பிராட்பேண்ட் என்னும் அதிவேக இணைய இணைப்பை வயலுக்குள் வரவழைத்து, அதை எங்கே நிறுத்துவது என்று ‘ஏகமனதாக’ முடிவு செய்த பெருமை அவர்களுக்கே உரியது.

வயல் என்றது நேற்றுவரைக்கும். மஞ்சள் கல் ஊன்றிய மறுநாள் அது நகர் ஆகிவிட்டது. ‘மாட்டுத்தாவணியிலிருந்து ஏழே நிமிடம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எதில் ஏழு நிமிடம் என்று போடவில்லை. பருந்தில் ஏறிப் போனால் சரியாக இருக்கும்.

அந்த நகரில் சொந்த வீடு கட்டிக் குடிவந்தவர் ராதாகிருஷ்ணன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் தலை நரைக்கும்வரை கணக்கு எழுதியவர். மஹால் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவி சூடாமணி, ஒரே மகள் ரம்யாஸ்ரீ. வீட்டுக்குள் மூவரும் சௌராஷ்டிரம்தான் பேசுவார்கள். வாசகர் நலன் கருதி இங்கே தமிழிலேயே தரப்படுகிறது.

அமெரிக்காவில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தால் மதுரையில் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் வரும் பொற்காலம் அது. அங்கத்திய டாக்டர்கள் வாயில் முனகிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். ரம்யாஸ்ரீ அந்த வேலையில் கெட்டிக்காரி. சென்னைக் கம்பெனி அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தது: ‘அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் பெட்டி படுக்கையோடு சென்னைக்கு வந்து ஹாஸ்டலில் தங்க வேண்டும்.’

ராதாகிருஷ்ணனுக்கு உயிரே அந்தப் பெண்தான். பக்கத்து அறையில் அவள் டொக்கு டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ‘பாதுகாப்பு’ என்றுதான் சொல்லுவார்.

ஆகவே பால் காய்ச்சிக் குடிபுகுந்த கையோடு தொலைபேசி அலுவலகத்துக்கு ஓடினார். அவர்களும் நல்லவர்கள். நகருக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து வீடுவீடாக ஒயர் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். கம்பத்தையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு லைன்மேன் சின்னக்கருப்பன் வந்து சேர்ந்தார். ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

“அண்ணே, இங்கன நட்டம்னு வைங்க, ஒயரு நேரா உங்க வீட்டுக்குள்ள வந்துரும். ரெண்டு நாள்ல லைன் பேசும்.”

“நேராவா?” என்று கேட்டார் ராதாகிருஷ்ணன்.

“நேராண்ணே. நூல் புடிச்ச மாதிரி.”

ராதாகிருஷ்ணன் முகம் மாறியது. ‘வாஸ்து நிபுணர்’ சாய்பிரசாத்துக்கு ஆள் அனுப்பினார். போன வருஷம்வரை இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து, மனிதர்களைப் பயமுறுத்துவதில் முறையான பயிற்சி பெற்றவர் அவர். திசைகாட்டியோடு வந்தார். கோட்டில் நின்று வாசலைப் பார்த்தார். வாசலில் நின்று கோட்டைப் பார்த்தார். பிறகு துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“குத்துது சார். கம்பம் வாசலைக் குத்துது.”

“குத்தினா?”

“வீட்ல வயசுப் பொண்ணு இருக்கா?”

“இருக்கு.”

“தங்காது. வெளியூர் போயிரும்.”

மகளை வீட்டில் தங்க வைக்கத்தானே இத்தனை பாடு!

“கொஞ்சம் தள்ளி நட்டா?”

“அடுப்படி ஜன்னலைக் குத்தும்.”

“இன்னுங் கொஞ்சம்?”

“அது பக்கத்து வீட்டு வாசலுக்கு நேரா வருது. நடலாம்.”

“அவங்களைக் குத்தாதா?”

“அவங்க என்னைக் கூப்பிடல சார்” என்று சொல்லிவிட்டு சாய்பிரசாத் திசைகாட்டியை மூடினார். ஒரு சாஸ்திரத்தின் எல்லையை இவ்வளவு துல்லியமாக வரையறுத்தவர் வேறு எவரும் இல்லை.

சூடாமணிதான் குறுக்கே புகுந்தாள். “ஏங்க, மஹால் சந்துல நம்ம வாசலை மறைச்சுக்கிட்டு ஒரு கம்பம் நின்னுச்சே. அதுலதானே தினமும் சைக்கிளைச் சாத்துவீங்க. யார் எங்க போனா?”

“அது வாடகை வீடு. வாடகை வீட்டுக் குத்து வீட்டுக்காரனைத்தான் சேரும்.”

“நல்லா இருக்கு போங்க” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சாமானியர் அல்ல. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கத்தின் தலைவர், நல்லகாமன். கம்பம் தன் வாசல் பக்கம் நகர்ந்து வருகிற சேதி அவர் காதுக்கு எட்டியதும், நாட்டின் நலன் கருதி அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டம் அவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. வரவேற்புரை இருந்தது. “இண்டர்நெட் என்றால் என்ன?” என்ற தலைப்பில் நல்லகாமன் சிறப்புரை ஆற்றினார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது என்பது உரையின் முடிவில் எல்லோருக்கும் தெளிவாயிற்று. பலத்த கைதட்டல்.

“அப்ப கம்பத்த எங்கன நடலாம்? யோசனை சொல்லுங்க” என்றார்.

“பிராட்பேண்டு அவசியம் வேணும்” என்று எழுந்தாள் கோடி வீட்டு ரெங்கம்மாள். “ஆனா எங்க வாசல் வேணாம். மருமக மாசமா இருக்கா. தலைப்பிள்ளை.”

“எங்க வீட்டுக்கு எதுக்க நட்டா மாடு வந்து உரசும்” என்றார் ஒருவர்.

“உங்ககிட்ட மாடு இல்லையே?”

“வாங்கப் போறேன்ல.”

“பிள்ளையார் கோயிலுக்கு எதுக்க நட்டுருவோமே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே பத்துப் பேர் பாய்ந்தார்கள். “நல்ல கதையா இருக்கே! அவரே இங்க இருக்க தெருக்குத்தெல்லாம் ஒத்த ஆளா தாங்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. இன்னும் ஒண்ணத் தூக்கி அவரு தலையில வைக்கிறதா? மனுசனா நீ?”

பிள்ளையார் காப்பாற்றப்பட்டார். காபி வந்தது. காபி குடித்து முடித்தபோது நல்லகாமன் முகத்தில் ஒரு ஒளி தோன்றியது. பெரிய யோசனைகள் எல்லாம் அப்படித்தான், வயிறு நிறைந்த பிறகுதான் வரும்.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி இருக்குல்ல? கம்பம் அங்கன நிக்கட்டும். அங்கேர்ந்து நமக்கு ஒயர இழுத்துக்கிருவோம். எப்பிடி?”

சபை மெய்மறந்தது. ராதாகிருஷ்ணன் மட்டும் மெதுவாக, “அங்கயும் வாசல் இருக்குமே?” என்று இழுத்தார்.

“என்ன இப்பிடிக் கேக்குறீங்க? அதெல்லாம் வாஸ்து பாத்துக் கட்டுன வீடா? பாக்காத வீட்ட அது ஒண்ணும் பண்ணாது.”

காலனியிலும் வயசுப் பெண்கள் இருப்பார்களே என்று ராதாகிருஷ்ணனுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அடுத்த கணம் சென்னை ஹாஸ்டலும், இரும்புக் கட்டிலும், வீட்டில் சத்தமே இல்லாத ஒரு அறையும் கண்முன் வந்து நின்றன. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். முதல் கை ராதாகிருஷ்ணனுடையது.

காலனியிலிருந்து யாரையும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்கள் அல்லவே!

சின்னக்கருப்பனுக்கு எங்கே நட்டாலும் ஒன்றுதான். வாய்க்காலைத் தாண்டி, தங்கப்பொண்ணு என்பவள் வீட்டு வாசலுக்கு நேரே, நூல் பிடித்த மாதிரி நட்டுவிட்டுப் போனார். மறுநாள் நகருக்கு ஒயர் இழுக்க வந்தவர், கம்பத்தில் ஏறி அண்ணாந்து பார்த்தார். அப்படியே இறங்கி வந்துவிட்டார்.

“என்னப்பா ஆச்சு?” என்றார் நல்லகாமன்.

“வாய்க்கா கரையோரமா கரண்டுக்காரங்களோட பெரிய லைன் போகுதுண்ணே. அதுக்குக் குறுக்க போன் ஒயரு இழுத்தா ஆளு கருகிப் போவான். அங்கிட்டு இருக்க வீடுகளுக்குத்தான் குடுக்க முடியும்.”

“இத நடும்போதே பாக்கக் கூடாதா?”

“நீங்கதானண்ணே எடத்தக் காட்டுனீங்க. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஒவ்வொருவர் வாசலையும் எல்லோரும் உற்றுப் பார்த்திருந்தார்கள். அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. நட்ட கம்பத்தைப் பிடுங்கி இந்தப் பக்கம் நடச் சொல்லிச் சங்கம் அலுவலகத்துக்குத் தூது போனது. உங்கள் நகருக்குரிய கம்பம் உங்கள் தீர்மானப்படியே நடப்பட்டுவிட்டது, அடுத்தது அடுத்த திட்டத்தில்தான் என்று அங்கே கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமோ கொண்டாட்டம். தங்கப்பொண்ணுவின் புருஷன் சின்னான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மூட்டை இறக்குபவர். மகள் பவதாரிணி கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். போன் கேட்டுப் பல வருஷமாக அவர்கள் எழுதிப் போட்டதற்கெல்லாம் ‘உங்கள் பகுதியில் கம்பம் இல்லை’ என்றுதான் பதில் வந்துகொண்டிருந்தது. இப்போது கம்பமே வாசலில் வந்து நிற்கிறது. யார் தயவு என்று தெரியாமலே அவர்கள் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். அந்த வாரமே வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது.

இந்தப் பக்கம் முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சூடாமணி மகளுக்குப் பெட்டி அடுக்கத் தொடங்கினாள். ராதாகிருஷ்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ரம்யாஸ்ரீயே வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கேட்டாள்.

“இதுக்கு என்ன தாயி கேள்வி?” என்றாள் தங்கப்பொண்ணு. “பவதாரிணி பகல்ல காலேசுக்குப் போயிருவா. லைனு சும்மாத்தான கெடக்கு. வந்து ஒக்காரு.”

அந்தப் புண்ணிய தினத்தை நகர் மறக்காது. சுங்குடிச் சேலையில் சுற்றிய மானிட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு ராதாகிருஷ்ணன் முன்னே நடக்க, ரம்யாஸ்ரீ பின்னால் சி.பி.யூவும் கீபோர்டுமாக நடக்க, ஊர்வலம் வாய்க்கால் பாலத்தைக் கடந்தது.

“எங்கண்ணே, கொழந்தையத் தூக்கிட்டு?” என்று கேட்டாள் ரெங்கம்மாள்.

“ரிப்பேரு. சர்வீஸுக்குக் கொண்டுபோறேன்” என்றார் ராதாகிருஷ்ணன்.

மானிட்டர் மாதக்கணக்கில் சர்வீஸிலேயே இருந்தது. தினமும் காலையில் மகளைக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் போய்க் கூட்டி வருவார். ஒருநாளும் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. கம்பத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு மணியடிப்பார். “உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் காப்பி குடிங்க” என்பாள் தங்கப்பொண்ணு. “இப்பத்தாம்மா குடிச்சேன்” என்பார். எந்நேரம் கேட்டாலும் இப்போதுதான் குடித்திருப்பார். சொந்த வீட்டில் அவ்வளவு காபி போட்டதாகச் சூடாமணிக்கு ஞாபகமில்லை.

ஒரு சாயங்காலம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. குடை வேறு கொண்டு வரவில்லை. கம்பத்தடியில் நின்று எவ்வளவு நேரம்தான் நனைவது?

“ஐயே, என்னண்ணே இது! உள்ள வாங்க முதல்ல” என்று தங்கப்பொண்ணு அதட்டியே கூப்பிட்டாள். போனார். துண்டு கொடுத்தாள், துவட்டிக்கொண்டார். கூடத்தில் ரம்யாஸ்ரீயும் பவதாரிணியும் தோளோடு தோள் உரச ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ அமெரிக்க டாக்டர் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டொக்கு டொக்கென்று அதே சத்தம். ராதாகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் மனிதனுக்கு வாய் நிற்காது.

“எம்பொண்ணு இன்னிக்கி எங்ககூட இருக்கான்னா அது உங்களாலதாம்மா. அந்த வாஸ்துக்காரன் பேச்சைக் கேட்டு நான் கெட்டேன்.”

“அவரு என்னண்ணே சொன்னாரு?”

“கம்பம் வாசலுக்கு நேரா நின்னா குத்தாம். அந்த வீட்டு வயசுப் பொண்ணு வீட்ல தங்காதாம், வெளியூர்…”

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. பவதாரிணி திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கதவுக்கு வெளியே, வாசலுக்கு நேரே கம்பம் நின்றது. அதில் அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது.

தங்கப்பொண்ணு அடுப்படிக்குப் போய் காபியோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

“எம்பொண்ணு எங்கிட்டும் போகலண்ணே, இங்கனதான் இருக்கா. ஒங்க பொண்ணும் இங்கனதான் இருக்கா. குடிங்க, ஆறிரும்.” பிறகு, குரலை உயர்த்தாமலே கேட்டாள். “எங்க வீட்லயும் வயசுப் பொண்ணு இருக்கும்னு தெரிஞ்சேதானண்ணே கம்பத்த இங்க அனுப்புனீங்க?”

சங்கத்தின் சார்பில் விளக்கம் அளிக்கப்பட வேண்டிய கேள்வி அது. தலைவர் அங்கே இல்லை. தீர்மானத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கிய உறுப்பினர் இருந்தார். காபி தீர்ந்து வெகுநேரம் ஆகியும் அவர் டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.