நார்வே மட்டும் மிஞ்சியது

ஒரு மனிதரின் முகவரியை ஏனத்தில் போட்டு ஊறவைத்துக் கரைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் எப்படியும் சொல்லிவிடுவார்கள். என் வாயால் கேட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் அப்பா உரக்கடை வைத்திருந்தார். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (தேடியது அப்பா, நான் ஆல்பத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தேன்). சாதாரண ஸ்டாம்ப் என்றால்கூட வீட்டில் பொறுத்திருப்பார்கள். எனக்குப் பித்து மெஷின் சீட்டின் மேல். வெளிநாட்டில் சில தபால் ஆபீஸ்களில் ஆளில்லாமல் ஒரு மெஷின் நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அந்தத் தொகையை அச்சடித்து ஒரு சீட்டு தரும். அதையே ஸ்டாம்புக்குப் பதிலாகக் கவரில் ஒட்டிவிடலாம். ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடை அட்டை வருமே, அந்த மெஷினுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெரம்பலூரில் ரயிலே கிடையாது. எடை மெஷினைப் பார்க்கவும் அரியலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.) சுவிட்சர்லாந்தில் இருந்த பேனா நண்பன் ஒருவன் அனுப்பிய மூன்று சீட்டுகள்தான் என் மொத்தச் சேகரிப்பு. அவற்றில் ராஜா தலை, பறவை, பூ எதுவும் இருக்காது. சிவப்பு மையில் ஓர் எண், அவ்வளவுதான்.

"இதுக்கு நம்ம டவுன் பஸ் டிக்கெட்டு தேவலாம்டா. அதையாச்சும் வெச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வரலாம்" என்பார் அப்பா.

அந்த வருடம் அக்கா எங்களோடு இருந்தாள். அவள் கணவர், என் மாமா, ஜெயங்கொண்டத்துக்காரர். மகா ரோஷக்காரர். முந்திரித் தோப்புப் பங்கில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கப்பல் வேலைக்குக் கிளம்பிப் போனவர். அப்போது மகள் பிறந்து நான்கு மாதம். அதன் பிறகு எட்டு மாதமாக ஒரு வரி இல்லை. மெட்ராஸில் இருந்த ஏஜென்டுக்கு எழுதிக் கேட்டதில், அவர் கப்பலை விட்டு இறங்கிவிட்டார், எங்கே என்று தெரியாது என்று பதில் வந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அக்கா குழந்தையை அப்படியே தரையில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

ஒரு நாள் காலை கடிதம் வந்தேவிட்டது. நீளமான வெள்ளைக் கவர், மாமாவின் கையெழுத்து. அக்கா கடிதத்தை உருவிக்கொண்டு கவரைக் கீழே போட்டாள். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா கடைக்குப் போகாமல் நின்றார். எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள், நான் கவரைச் சுற்றி நின்றேன். வலது மூலையில் ஒட்டியிருந்தது ஒரு மெஷின் சீட்டு. அதுவும் நார்வே சீட்டு. தபால் முத்திரை முழுக்க மை அப்பிக் கிடந்தாலும் சீட்டின் ஓரத்தில் எந்த மெஷின் என்று காட்டும் எண் தெளிவாக இருந்தது: ஐந்து.

கவரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். முன்பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். எங்கள் முகவரி தவிர வேறு எழுத்து இல்லை. (நம்மூரில் அனுப்புகிறவர் பெயரையும் முன்பக்கம் ஓரத்தில்தானே எழுதுவோம்.) சீட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு, கவரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கத்தரித்தேன். அம்மாவின் ஏனத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். கால் மணி நேரத்தில் பசை விட்டு, சீட்டு தானாக நழுவிவிடும். ஏனத்தைக் கையில் ஏந்திக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். மாமா சுகமாக இருக்கிறார் என்று கேட்டால் எனக்கும் சந்தோஷம்தானே.

மாமா சுகமாகவே இருந்தார். நார்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. குடும்பத்தை அழைத்துக்கொண்டால் வீடு தருவார்களாம். அக்கா மூன்றாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"உன் போட்டோ, பாப்பா போட்டோ, கல்யாணச் சான்று எல்லாத்தையும் ஒடனே அனுப்பு. ஒரு மாசத்துக்குள்ள இங்க காட்டணும். பதில் வரலன்னா ஒனக்கு வர இஷ்டமில்லன்னு நெனச்சுக்குவேன். இந்த ஊர்ல அனுப்புறவங்க அட்ரஸைக் கவருக்குப் பின்னாடி மேல் மூலையிலதான் எழுதுவாங்க. அதப் பாத்துக்க."

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். "தம்பி, அந்தக் கவர எடு."

நான் ஏனத்தைப் பார்த்தேன். தண்ணீர் இளநீலமாக மாறியிருந்தது. மாமா பேனா மையில் எழுதுகிறவர். மிச்சமிருந்த கவரைத் திருப்பிப் பார்த்தோம். கடைசி வரியின் வால் மட்டும் கத்தரிக்குத் தப்பியிருந்தது. நார்வே. அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு வேறு.

"நார்வே எவ்வளவு பெரிய ஊருடா?" என்று அம்மா கேட்டாள்.

"ஊரு இல்லம்மா, நாடு" என்றேன். அப்பா கையை ஓங்கினார், பிறகு இறக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

அக்கா அந்த ஈரக் காகிதத்தை வெயிலில் காயவைத்து, அன்று முழுவதும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

மெஷின் சீட்டு விஷயத்தில் பெரம்பலூர் தாலுகாவிலேயே நிபுணன் நான் ஒருவன்தான். எனவே மீட்பு வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அந்த நாட்டுத் தலைநகரின் தலைமைத் தபால் அதிகாரிக்கு நான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். ஐயா, தங்கள் ஐந்தாம் எண் மெஷின் எந்த ஊரில் இருக்கிறது? அதில் காசு போட்ட இன்ன பெயருடைய கறுத்த, மீசை வைத்த மனிதர் எங்கே குடியிருக்கிறார்? அவர் மறுபடி காசு போட வந்தால் இத்துடன் இருக்கும் புகைப்படத்தைக் காட்டி, குடும்பம் காத்திருக்கிறது என்று சொல்லவும். (உள்ளே அக்காவின் கல்யாணப் படத்தை வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் இவ்வளவு அறிவாளி.)

ஏழு வாரம் கழித்துத் தடிமனான கவர் ஒன்று வந்தது. இந்த முறை கத்தரிக்கோலை அப்பா தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். ஐந்தாம் எண் மெஷின் இருக்கும் ஊரின் பெயர் இன்னது. ஆளில்லா மெஷின் என்பதால் காசு போடுகிறவர் யாரென்று அதற்குத் தெரிய வாய்ப்பில்லை, வருந்துகிறோம். புகைப்படத்தைத் திருப்பி அனுப்பியுள்ளோம். இவ்வளவு தொலைவில் எங்கள் சீட்டுகளைச் சேகரிக்கும் தங்கள் ஆர்வத்தைப் பாராட்டி ஓர் அன்பளிப்பு.

அன்பளிப்பு என் மடியில் விழுந்தது. ஒட்டாத, மடியாத, புத்தம் புதிய மெஷின் சீட்டுகள், நான்கு. அவற்றைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு கணம்தான். நடந்த எல்லாவற்றையும்விட, அந்த ஒரு கணத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"நல்லாருக்கு. ஒட்டிக்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

ஊர் பெயரும் மீன் தொழிற்சாலை என்ற சொல்லுமாக அவள் அனுப்பிய கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்கு முன்பே மாமாவின் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. மொத்தம் மூன்று வரி. 'ரெண்டு மாசம் பார்த்தேன். கோபமில்லை. மறுபடி கப்பலில் ஏறுகிறேன்.' அந்தக் கவரின் பின்பக்கம் சுத்த வெள்ளையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து மாமா ஊர் திரும்பினார். அரியலூர் ஸ்டேஷனில் போய் அழைத்து வரும் வேலை எனக்கு. பெரம்பலூர் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அந்த மெஷினா," என்றார் மாமா. "முதல் தடவ காசு முழுங்கிருச்சு. ரெண்டாவது காசுக்குத்தான் சீட்டு வந்துச்சு. அப்பயே உட்டுட்டுப் போயிருக்கலாம்."

வீட்டில் மகள் அவரைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, "யாரு மாமா இவரு?" என்று என்னிடம் கேட்டாள்.

பின்னாளில் திருச்சியில் நடந்த ஸ்டாம்ப் கண்காட்சிக்கு அந்த நார்வே சீட்டைக் கொண்டுபோனேன். அங்கிருந்த சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மெஷின் சீட்டையெல்லாம் ஊறவைக்கக் கூடாதுங்க. முழுக் கவரோட அப்படியே வெச்சிருந்தாதான் மதிப்பு" என்றார். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இறங்கவே மனமில்லை.

மாமா அதன் பிறகு கடல் பக்கம் போகவில்லை, பெரம்பலூரிலேயே இரும்புக்கடை வைத்தார். அக்கா மகளுக்கு இப்போது பேரன் எடுக்கும் வயது நெருங்குகிறது. சித்திரை மாதத்தில் மொத்தக் குடும்பமும் கூடியிருக்கும்போது கரண்ட் போனால் போதும், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

"மாமா, இந்நேரம் நார்வேயில என்னா குளிரு குளிரும்?" என்று அவள் ஆரம்பிப்பாள். குழந்தைகள் பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டும். அவள் புருஷன், இல்லாத ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொள்வதுபோல் நடிப்பார். மாமா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், வேறு வழியில்லை.

அக்கா மட்டும் பனையோலை விசிறியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து வீசுவாள். அந்தக் காற்றில்தான் எனக்கு அதிகமாக வேர்க்கும்.