பவளாயி வீட்டுக் கம்ப்யூட்டர் லேப்

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாக எடுக்கும் மேட்டுப் பக்கமாக, பவளாயி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். கவலை அவளுக்குக் காலைத் தீனி மாதிரி. அது உள்ளே போனால்தான் அன்றைய வேலை ஓடும். அவளுக்கு ஒரே மகன், கொடியரசு. கொண்டை சிவந்து, வால் வளைந்து, பார்க்கிறவர் கண் படும்படி வளர்ந்த சேவல். என்ன இருந்து என்ன, வேலை இல்லை.

புலியார் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"புத்தகத்துல படிச்சது போதாதாம்மா. கையால செஞ்சு பாத்து, சர்டிபிகேட் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வரணுமாம். வந்தா வேலை நிச்சயமாம். வீட்டுலயே ஒரு லேப் போடப் போறேன்."

"வீட்டுல நமக்கே இடம் இல்லையேடா!"

புதுச் சாமானின் விலை கேட்டதுமே அவனுக்கு இறகு உதிர்ந்தது. நேரே காயலான் கடை நரியிடம் போனான். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட சர்வர் பெட்டி, பழைய ரவுட்டர் ஒன்று, சிக்கு விழுந்த கேபிள் ஒரு கூடை. நரியே சுமந்துகொண்டு வந்தது.

"இது ஓடுமா?" என்றாள் பவளாயி.

"அக்கா, ஓடலைன்னு இதக் கழிக்கல. மேனேஜருக்குப் புதுசு மேல ஆசை வந்துடுச்சு, கழிச்சுட்டாரு. நல்ல சாமானுக்கெல்லாம் அதான் விதி."

இந்த ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை செய்யலாம், அவற்றை ஒன்றோடொன்று பேசவிடலாம், வேண்டுமென்றே கெடுத்துவிட்டுத் திருத்திப் பழகலாம் என்று மகன் விளக்கினான். ஒரு வீட்டில் நாலு குடித்தனம் என்று அவள் புரிந்துகொண்டாள். நாலு குடித்தனமும் கூடி அவள் வீட்டுக் கரண்டைத் தின்னும் என்பது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்டி இரைந்தது. பின்பக்கம் அனலாகக் கொதித்தது. "அடுப்ப வாங்கி வச்சிருக்கான், சமைக்கத்தான் முடியல" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சங்கடம் வந்து சேர்ந்தது. மகனுக்குப் பெண் பார்க்கிற வயதில் அவள் முட்டை வைத்துவிட்டாள். கொடியரசின் அப்பா செய்தியைக் கேட்டதும் மேய்ச்சலைத் தூரத்துக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்துப் புதரில் கவுதாரி. அவள் காதில் விழுந்த சேதி ஆற்றைத் தாண்டாமல் நிற்காது. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை முன்னால் எந்த முகத்தோடு அடைக்கு உட்காருவது?

பவளாயி நாலு பக்கமும் பார்த்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய், பெட்டியின் சூடான முதுகுக்குப் பின்னால் வைத்துச் சருகு போட்டு மூடினாள்.

அன்று முதல் அவள் பெட்டியை விட்டு நகரவில்லை.

"அம்மா, இத ஆஃப் பண்ணிட்டுப் புதுசா போடணும்."

"ஓடுறத எதுக்குடா நிறுத்துற? ஓடுறப்பவே சரி பண்ணக் கத்துக்க. புலியார் கம்பெனியில உனக்காக நிறுத்தி வைப்பாங்களா?"

கொடியரசுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற வித்தையை அவன் அப்படித்தான் கற்றான். கரண்ட் போனபோது அவள் பதறிய பதற்றத்தில் நரியே ஒரு பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"அம்மான்னா இவதான். பிள்ளை படிப்புக்காகச் சோறு தண்ணி மறந்து கெடக்குறா" என்று கவுதாரி காடெல்லாம் சொல்லி வைத்தாள். காட்டில் பல அம்மாக்கள் அன்று தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

பரீட்சை நாள் வந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அறையில் இன்னொரு ஜீவன் இருக்கக் கூடாது. கேமரா வழியாக ஓர் ஆந்தை மேடம் கண்காணிப்பார். இரவல் மடிக்கணினியைத் திறக்குமுன் கொடியரசு சர்வரை அணைக்கப் போனான்.

"ரொம்ப இரையுதும்மா."

"நல்ல காரியத்துக்கு உக்காரும்போது எரியுற விளக்க அணைப்பாங்களாடா? பச்சையா எவ்ளோ மங்களமா எரியுது பாரு!"

அவன் சுவிட்சிலிருந்து காலை எடுத்தான். பவளாயி வெளியே போய்ப் பொந்து வாசலில் குந்தினாள்.

ஆந்தை மேடம் நாலு மூலையையும் காட்டச் சொன்னார். "அது என்ன சருகு?"

"கேபிள் அசிங்கமா தெரியாம இருக்க மேடம்."

பரீட்சை தொடங்கியது. கொடியரசுக்கு எல்லாம் தெரிந்த கேள்விகள். பாதிக்கு மேல் தாண்டிவிட்டான். அப்போது பெட்டிக்குப் பின்னால், "கீச்."

"யார் அங்கே?"

"யாரும் இல்ல மேடம். ஃபேன் பேரிங் தேஞ்சிருக்கும்."

"கீச், கீச். ம்மா!"

"ஃபேன் அம்மாவைக் கூப்பிடுமா, தம்பி? அங்கே இருக்கிறவர்களை வெளியே வரச் சொல்லுங்கள்."

"ம்மா! ம்மா!"

வாசலில் பவளாயி தன் அலகைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகனின் வேலை, மகனின் கல்யாணம், மகனின் வாழ்வு, எல்லாம் அந்த ஒரு காலில்தான் இருந்தது. உள்ளே குஞ்சு மறுபடி கூப்பிட்டது. கால் நழுவியது.

"க்ளக்!"

ஆந்தை மேடத்தின் கண்கள் திரை முழுவதும் விரிந்தன. "உள்ளிருந்து கேட்கிறார்கள், வெளியிலிருந்து பதில் சொல்லித் தருகிறார்கள். பரீட்சை ரத்து!" திரை கறுத்துப் போனது.

பவளாயி உள்ளே ஓடினாள். கொடியரசு சருகை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவங்க யாரும்மா?"

"உன் தம்பி தங்கச்சிங்க." அவள் தரையைப் பார்த்தாள். "உங்கிட்ட எப்படிடா சொல்லுவேன்?"

"சொல்லியிருந்தா பரீட்சைக்கு வேற இடம் பாத்திருப்பேனேம்மா."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை வாட்டியது. பாவம், இவர்களாவது ஆறுதல் என்று குஞ்சுகளைப் பார்த்துச் சிறகை விரித்தாள். "வாங்க கண்ணுங்களா, அம்மா வந்துட்டேன்."

குஞ்சுகள் அவளைப் பார்த்தன. பெட்டியைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி, இரைந்துகொண்டிருந்த பெட்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டன. கொடியரசு பெட்டியை அணைத்துப் பார்த்தான். குஞ்சுகள் காடு அதிர அலறின. மறுபடி போட்டான். அடங்கின.

"இனி இத நிறுத்தவே முடியாதும்மா" என்றான் அவன். சம்பளமில்லாத வேலை ஒன்று அவனுக்கு அன்றே நிரந்தரமானது.

பவளாயி மெல்ல நகர்ந்து, தானும் பெட்டியின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பொடிக் குஞ்சு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தை" என்றது. "அம்மாவுக்கு மூச்சு முட்டும்."

நீதி: பிள்ளை உருப்பட வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும், அம்மா தேவையில்லை. இருந்தே தீருவேன் என்கிற அம்மா, சூடாக மட்டும் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.