பதினேழாம் கட்டிலில் நல்ல கேஸ்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் வைத்தியத்தைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். மன்னித்துவிடுங்கள். ஆனால் டாக்டர் படிப்பு நடக்கிற ஆஸ்பத்திரியில் படுப்பது எவ்வளவு நல்லது என்பதை, அங்கே மானம் போன ஒருவன்தான் சரியாகச் சொல்ல முடியும்.

கடலூரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. (பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் எப்படி என்று அக்கா கேட்டபோது, மொசைக் நன்றாக இருந்தது என்றேன்.) போன வருஷம் பரணிலிருந்து ஓர் அண்டாவை இறக்கியதில், அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டது. அந்த இடத்தை யாரிடம், எப்படிச் சொல்வது? ஒரு கிளினிக்குக்குப் போய், தொப்புளுக்கு மேலே கையை வைத்து “வயித்து வலி” என்றேன். அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் மேல் குற்றமில்லை. நான் காட்டிய இடத்துக்கு அதுதான் மருந்து.

நிற்கவே முடியாமல் போனபோது சிதம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். அங்கேயும் தொப்புளுக்கு மேலேதான். காரணம் தெரியவில்லை, வைத்துப் பார்க்கலாம் என்று பதினேழாம் கட்டிலில் சேர்த்தார்கள். படுத்தால் புடைப்பு உள்ளே போய்விடும். எனக்கு வசதியாகப் போயிற்று.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் தூக்குவாளியோடு ஆள் வந்தது. எனக்கு மாணவர்கள் வந்தார்கள். எப்போது ஆரம்பித்தது, எப்படி வலிக்கிறது, தூக்கம் வருகிறதா என்று அத்தனை பொறுமையாகக் கேட்டார்கள். என் நாற்பத்தெட்டு வயதில் என் முகத்தைப் பார்த்து இவ்வளவு கேள்வி கேட்டவர்கள் இல்லை. ஒரே சிக்கல், என் கதை ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். உடனே “தேங்க்ஸ் அங்கிள்” என்று கிளம்பிவிடுவார்கள்.

அதனால் இரண்டாவதாக வந்த கூட்டத்துக்கு, வலி முதுகுக்குப் பாய்கிறது என்றேன். மூன்றாவதுக்குச் சாயங்காலக் காய்ச்சல். பிறகு மயக்கம், எடைக் குறைவு. ஒரு மாணவன் வாசலில் நின்று நண்பனைக் கூப்பிட்டான்: “மச்சான், பதினேழுல நல்ல கேஸ்டா, சீக்கிரம் வா!” என்னை யாரும் நல்ல என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்காகக் கை மரத்துப்போவதையும் சேர்த்தேன்.

மறுநாள் காலை பேராசிரியர் வந்தார். பின்னால் இருபது பேர். என்னிடம் அதிக நேரம் உட்கார்ந்து எழுதிய விருத்தாசலத்துப் பெண் கவிதா, தன் நோட்டை வாசித்தாள். அடுத்து ஒரு பையன் வாசித்தான். இரண்டும் ஒட்டவில்லை.

“ஏம்மா, நீ இவரப் பாத்தியா, இல்ல கேன்டீன்ல உக்காந்து எழுதினியா?”

“அவரேதான் சார் சொன்னாரு.”

“பேஷன்ட் மேலயே பழியா? இந்த வார்டு போஸ்டிங்க நீ முதல்லேர்ந்து பண்ணு.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் ஆளுக்கு ஒண்ணு சொன்னேன்.”

“ஏன்யா?”

“சொல்லி முடிச்சா போயிடறாங்க சார்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, “சரி, நெஜமா எங்க வலிக்குது?” என்றார். கையைக் கீழே இறக்கிக் காட்டினேன். “பசங்க பாக்கலாமா? வேணாம்னா அனுப்பிடறேன்.” கவிதாவைப் பார்த்தேன். தலையாட்டினேன். பச்சைத் திரையை இழுத்து மூடினார்கள். இருபது பேரும் திரைக்கு உள்ளேதான் இருந்தார்கள். லுங்கியைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். “இருமுங்க.” இருமினேன். “பாத்தீங்களா? ஹெர்னியா. ஆள நிக்க வைக்காம விட்டா இப்படித்தான் தப்பிப்போவும்.” பின்வரிசைக்குத் தெரியவில்லையாம். மறுபடி இருமினேன். தொண்டை கட்டும்வரை இருமினேன்.

“இன்னும் ஒளிச்சிருந்தா குடல் மாட்டிக்கிட்டு அழுகிப்போயிருக்கும்யா. நாளைக்கே ஆபரேஷன்.” கவிதாவிடம் திரும்பி, “அவரு சொன்னத நீ சரியாத்தாம்மா எழுதியிருக்க” என்றார்.

ஒரு டாக்டரிடம் செல்லுபடியான என் பொய், இத்தனை நோட்டுகளை ஒப்பிட்டபோது மாட்டிக்கொண்டது. அந்த வகை ஆஸ்பத்திரியின் பெரிய நன்மை எனக்கு இதுதான்.

சாயங்காலம் கவிதா தனியாக வந்தாள். “நாளைக்குக் கூட யாரு அங்கிள் இருப்பாங்க?”

“யாரும் இல்லம்மா.”

“இது நெஜமா, இல்ல இதுவும் எக்ஸ்ட்ராவா?”

“காட்டுமன்னார்கோயில்ல அக்கா இருக்கு. சிரமம் குடுக்க வேணாம்னு சொல்லல.”

என் போனை வாங்கி அவளே பேசினாள். அக்கா போட்ட சத்தம் நாலு கட்டில் தாண்டிக் கேட்டது: “ஏண்டா, ஊரான் வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?”

இப்போது அக்கா வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் அவள் வீட்டுக்காரர், “எழுந்து நின்னு இருமு, பாக்கலாம்” என்பார். குழந்தைகள் வரிசையாக நின்று இருமும். நான் தரையைப் பார்ப்பேன். சிமெண்டுத் தரை.

பேராசிரியர் பார்த்ததற்கு மறுநாள், அக்கா காலை ஏழு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். ஒன்பதரைக்கு ஆபரேஷன் நடந்தது.