என் நாக்கில் நகரும் விரிசல்

அன்பில் குறைவில்லாத, கோபத்தில் அதைவிடக் குறைவில்லாத என் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும், பிள்ளையும் மருமகளும், ‘வால்’ என்றே பெயராகிவிட்ட குறும்புக்காரப் பேத்தியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ‘நலம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய். போன கடிதத்தில் நான் இனி அதிக நாள் இருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். சுவர் மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் உன் மூத்தவனிடம் ஒப்படைக்கும்படியும் சொல்லியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ரசமட்டம் என்னிடமே இருக்கட்டும். ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது இடையிடையே சிரிக்காமல் படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தக்காளி வைத்த ரொட்டியைக் கடித்தேன். நாக்கு சுரீர் என்றது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிச்ச ரொட்டியைத் தின்றிருப்பார்கள். பழைய கட்டடங்களில் விரிசல் பார்த்தே தலை நரைத்தவனுக்கு அது முடியுமா? வேலைக்குக் கொண்டுபோன டார்ச்சையும் பிடி வைத்த குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். நாக்கின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை. நடுவில் இன்னொரு திட்டு. சுவரில் பெயிண்ட் உரிந்த இடம் போல இருந்தது. சரி, பதறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் விரிசலைக் கண்டதும் யாரும் கை வைக்க மாட்டோம். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் காத்திருப்போம். விரிசல் கோட்டைத் தாண்டினால் கட்டடம் அசைகிறது, தாண்டாவிட்டால் அது பழைய விரிசல், பூசிவிட்டுப் போகலாம். ஆனால் நாக்கில் பென்சில் எழுதவில்லை. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் வாலின் மிட்டாய் டப்பா கண்ணில் பட்டது. அதில் ஊதா நிற மிட்டாய் ஒன்றைச் சப்பினால் நாக்கு முழுவதும் ஊதாவாகிறது, திட்டுகளில் மட்டும் சாயம் ஏறுவதில்லை. எல்லை பளிச்சென்று தெரிகிறது. இப்படி ஒரு அருமையான முறையைக் கண்டுபிடித்ததற்காக, சாகப் போகிறோம் என்ற கவலைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு நாளில் இடது ஓரத்துத் திட்டு மூடிக்கொண்டது. அப்பாடா என்று உட்கார்ந்தால், மறுநாள் வலது பக்க நுனியில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறது. எத்தனையோ சுவர்களைப் பார்த்தவன் நான். ஒரு விரிசல் தானே மூடிக்கொண்டு அடுத்த அறையில் போய்த் திறந்ததை எங்கேயும் பார்த்ததில்லை. அஸ்திவாரமே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

தொற்றுநோயாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரியது. என் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் தனியாகப் பிரித்துக்கொண்டு முன்னறைக்கு ஜாகை மாறினேன். உனக்குத் தெரியும், வாலுக்குத் தன் தட்டில் இருப்பது இறங்காது, என் தட்டில் இருப்பதுதான் ருசி. தினமும் சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்து என் கரண்டியைப் பிடுங்கித்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு வந்தவளை, “கிட்ட வராத, அங்கயே நில்லு” என்று கை நீட்டித் தடுத்துவிட்டேன். நின்றாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் போய்த் தன் அம்மாவிடம், “தாத்தா என் கரண்டிய தொட மாட்டாராம். என் மிட்டாய மட்டும் திருடித் தின்னுவாராம்” என்று சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். என் செருப்பை மட்டும் வழக்கம்போல எடுத்து வைத்தாள், ஆனால் இடதும் வலதும் மாற்றி வைத்தாள். செத்துப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது, தங்கையே. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீக்கிரம் குணமாக வேண்டுமே என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். பழைய டூத் பிரஷ்ஷால் நாக்கைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கிராம்பு எண்ணெயில் பஞ்சை முக்கிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கன்னம் வெந்துபோய் வாயைத் திறக்க முடியவில்லை. உன் அண்ணி வந்து பார்த்தாள். “வீடு இன்னைக்குத்தான் அமைதியா இருக்கு” என்றாள். ஆனாலும் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது அவள்தான்.

பல் டாக்டரம்மா நம் பிள்ளையைவிடச் சின்னவள். நான் என் டார்ச்சோடும் கண்ணாடியோடும் போனதைப் பார்த்து, “நீங்களும் டாக்டரா சார்?” என்று கேட்டாள். விரிசல், மிட்டாய், அஸ்திவாரம் எல்லாவற்றையும் வெந்த வாயோடு சொல்லி முடித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் என் டார்ச்சை ஓரமாக வைத்துவிட்டுத் தன் விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

“நகருது டாக்டர்.”

“அது நகரத்தான் செய்யும் சார். நாக்கு மேல பொடிப்பொடியா மொட்டு மாதிரி இருக்குல்ல, அது அங்கங்க உதிர்ந்துடுது. உதிர்ந்த இடம் சிவப்பா தெரியும். கொஞ்ச நாள்ல முளைச்சிடும், அப்புறம் வேற இடத்துல உதிரும். யாருக்கும் ஒட்டாது, புத்துநோயாவும் மாறாது. குடும்பத்துலயே வேற யாருக்காவது இருக்கும், கேட்டுப் பாருங்க. எரிஞ்சா புளிப்பும் காரமும் குறைச்சுக்குங்க. இதுக்கு வைத்தியம் கிடையாது.”

“வைத்தியமே கிடையாதா?” என்று உன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தேவையில்லன்னு சொல்ல வந்தேன் சார்.”

விடுவேனா? கன்னத்துக்குள் ஓடும் வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். பல்லும் பல்லும் சேரும் இடம், ரொம்பப் பேருக்கு உண்டு என்றாள். அடிநாக்கில் வரிசையாக நிற்கும் மேடுகளைக் காட்டினேன். “அது எல்லாருக்கும் இருக்கும் சார். நீங்க இவ்வளவு உள்ள போய்ப் பார்த்ததுதான் அதிசயம்” என்றாள். மேல்வாய் அண்ணத்தின் நடுவில் சிலருக்கு எலும்பு மேடாக இருக்குமாம், அதுவும் ஒன்றும் செய்யாதாம், ஆனால் எனக்கு அது இல்லையாம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கடைசியில் அவளே என் கன்னத்தைக் காட்டி, “இங்க வெள்ளையா வெந்து கிடக்கே, இது என்ன?” என்றாள்.

“அது என் வைத்தியம்.”

“உங்க வாயில இருக்கிற ஒரே காயம் இதுதான் சார். வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிங்க, இந்தக் களிம்ப தடவுங்க, பிரஷ்ஷ தூக்கிப் போடுங்க. ரெண்டு வாரத்துல ஆறலன்னா திரும்ப வாங்க. வாயில எந்தப் புண் வந்தாலும் அதுதான் கணக்கு.”

வீட்டுக்கு வந்ததும் வாலின் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். “தாத்தாவுக்கு ஒண்ணும் இல்லையாம்” என்றேன். “எனக்கும் ஒண்ணும் இல்ல” என்றாள், திரும்பாமல். நாக்கை நீட்டி, திட்டைக் காட்டி, இது உனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்துதான் தள்ளி இருந்தேன் என்று சொன்னேன். மெல்லத் திரும்பி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். எழுந்து போனாள். குளியலறையில் கண்ணாடிக்கு அடியில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மூக்குக்கு நேராகத் தன் நாக்கை நீட்டினாள். ஓரத்தில் அதே சிவப்புத் திட்டு, அதே வெள்ளைக் கரை. என் கை தானாக டார்ச்சைத் தேடியது. அப்புறம் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. “ஆமா, இது நம்ம வீட்டு நாக்கு” என்றேன்.

“அம்மாவுக்கு இல்லையா?”

“கேட்டுப் பாரு. எனக்குத் தெரிஞ்சு நம்ம ரெண்டு பேருக்குத்தான்.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய்த் தன் கரண்டியைக் கொண்டுவந்து என் தட்டில் போட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தக்காளி எரிகிறது என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அன்றைக்குத் தக்காளியே வாங்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

ஆகவே நீ கிளம்பி வர வேண்டியதில்லை. டார்ச்சையும் கண்ணாடியையும் உன் அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டேன், அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி யார் வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை என்று வாலின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், இருந்தாலும் அது வெறும் திட்டோடு போய், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: டிக்கெட்டை ரத்து செய்யாதே. இந்தக் கடிதத்தை உன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சில் விஷயம் வந்ததும் அண்ணாந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. அவள் அண்ணத்தின் நடுவில் பாக்கு அளவுக்கு ஒரு மேடு. டாக்டரம்மா சொன்ன எலும்பு மேடாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் டாக்டரம்மா இதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவில்லையே. அவளிடம் நாளைக் காலைக்கு நேரம் வாங்கிவிட்டேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு உன் அண்ணி சொல்கிறாள்: “கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே இருக்கு. நான் எப்ப வாயைத் திறந்தாலும் நீங்க பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டீங்க, எப்படித் தெரியும்?” வரும்போது நல்ல டார்ச்சாக ஒன்று வாங்கி வா.