தூள் அண்ணன் அரைத்த அரசாணிக்கால்

கெடா மாநிலத்தில் மரங்களுக்கு வாய் மட்டும் இருந்திருந்தால், லூனாஸில் எங்கள் பின் தெருவில் குடியிருந்த ஒரு மனிதர்மீது அவை கூட்டமாகப் போய் போலீஸில் புகார் கொடுத்திருக்கும். அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் தூள் அண்ணன்.

தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டர் வேலை அவருக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரப் பங்களாத் துரை தன் நாட்டுக்குக் கிளம்பியபோது வேண்டாத சாமான்களை விற்றார்கள். மற்றவர்கள் கட்டிலும் கண்ணாடியும் வாங்கினார்கள். தூள் அண்ணன் மட்டும் இரண்டு சக்கரமும் ஒரு வாயும் உள்ள ஒரு மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாயில் கிளையைக் கொடுத்தால் மறுபக்கம் தூளாகக் கொட்டும். துரை வீட்டிலிருந்து வந்ததால் அதற்குத் 'தொரை' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் வந்து வாசலில் நிற்பார். "தொரைக்குப் பசி எடுத்திருச்சி. ஏதாச்சும் கெளை கெடக்குதா?" என்று கேட்பார். இல்லை என்றால் நம் ரம்புத்தான் மரத்தை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் கிளை வெட்டிக் கொடுத்தார்கள்.

மிஷினை ஓட்டுவதற்கு அவரிடம் தனிச் சடங்கே இருந்தது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைப் போட்டு, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். தென்னை மட்டையைக் கொடுத்தால் நார் உள்ளே சுற்றிக்கொண்டு மிஷின் நின்றுவிடும். உடனே, தொரைக்குப் பல்லில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி, ஸ்குரூடிரைவரோடு குந்தி மத்தியானம்வரை நோண்டுவார். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குப்பைக் கிளைகளை நாங்கள் கொளுத்திக் கண்ணெரிந்து கிடந்த காலம் அவரால்தான் முடிந்தது. சேறாகக் கிடந்த சந்து முழுக்க அந்தத் தூளைக் கொட்டிப் பரப்பினார். மழைக்காலத்தில்கூடச் செருப்போடு நடந்தோம்.

எது குப்பை, எது குப்பை இல்லை என்பதில்தான் அவருக்குத் தகராறு. கிறிஸ்துமஸ் மரத்துக்காக மரியம்மா அக்கா கொண்டுவந்து வைத்திருந்த சவுக்குக் கிளையை அரைத்துவிட்டு, தூளை மூட்டை கட்டி அவரிடமே கொடுத்தார். குடிலில் வைக்கோலுக்குப் பதில் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை வேறு. மரியம்மா அக்கா ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் குடிலில் அந்தத் தூளைத்தான் போட்டார்.

அடுத்து மாட்டியது எங்கள் வீடு. என் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தலில் உரசிய மாங்கிளைகளைக் கழிக்க நான்தான் அவரைக் கூப்பிட்டேன். குளிமில் தொழிற்சாலை வேலை பார்த்த எனக்கு அவ்வளவுதான் அறிவு. மணவறையில் நடவேண்டிய அரசாணிக்காலுக்காக, அப்பா புக்கிட் செலம்பாவிலிருந்து கல்யாண முருங்கைக் கிளை ஒன்று கொண்டுவந்திருந்தார். அம்மா அதைக் கழுவி, மஞ்சள் பூசி, மாமரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்.

மிஷின் அரை மணி நேரம் கத்தியது. பிறகு நின்றது. தூள் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கை நிறையத் தூளை அள்ளி அப்பாவிடம் காட்டினார்.

"அண்ணே, ஒங்க மாமரத்துக்கு மஞ்சக்காமாலை போலருக்குலா. தூளு மஞ்சளா வருது."

அம்மா வந்து தூளைப் பார்த்தார், வெறுமையாகக் கிடந்த மாமரத்தடியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூள் அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மிஷினை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து, முதுகில் கட்டிய கல்யாண முருங்கையோடு வந்து இறங்கினார். முள் கிழித்துச் சட்டையெல்லாம் ரத்தம். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

கல்யாணம் முடிந்து அந்தக் கொம்பைக் கொல்லையில் நட்டோம். அது துளிர்த்தால் பெண்ணின் வாழ்க்கையும் துளிர்க்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பண்டார் பாருவுக்கு வாழப்போன அக்காவிடமிருந்து ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மாமியார் எதற்கெடுத்தாலும் குற்றம் சொல்கிறாராம். அம்மா கடிதத்தை மடித்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். கொம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது.

"மொதக் கொம்பை அரைச்சப்பவே நெனச்சேன்" என்றார். சேதி தெருவெல்லாம் பரவியது. யாரும் தூள் அண்ணனுக்குக் கிளை கொடுக்கவில்லை. தொரை பட்டினி கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, கொம்பில் பச்சை இலை. அம்மா அன்று வடை சுட்டார். மறுபடி வாடியது. மறுபடி துளிர்த்தது. இப்படியும் ஒரு கொம்பா என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு நாள் விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவன், கொல்லையில் ஆள் அசைவதைப் பார்த்து ஓடினேன். தூள் அண்ணன். ஒரு கையில் பிடுங்கிய காய்ந்த கொம்பு, மறு கையில் இலையோடு புதுக் கொம்பு. அவர் மாற்றி நட்டதில் அது மூன்றாவதாம்.

"தம்பி, அம்மாகிட்ட சொல்லிறாத. அந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வராதுன்னு அவங்க நம்பணும்லா" என்றார். பிறகு, காய்ந்ததைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வேலியைத் தாண்டினார். தடயம் வீட்டுக்குப் போனதும் தூளாகியிருக்கும்.

மூன்றாவது கொம்பு வேர் பிடித்தது. அக்காவும் மாமியாரும் எப்படியோ ராசியானார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவை அம்மா அந்த மரத்தடிக்குத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து, தூள் அண்ணன் இறந்த அன்று, இழவு வீட்டிலிருந்து திரும்பும்போது மனசு தாங்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. "கல்யாணக் கொம்பு என் தல ஒசரம் இருந்திச்சி. அப்பறம் பாத்தா என் இடுப்பு ஒசரம். பச்சைக் கொம்பு சுருங்குமாப்பா?"

"பின்னே ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா, நடுறத நிறுத்திருவாரேப்பா."