மாஸ்ரரும் கார் போகாத ஊர்களும்

மாஸ்ரர் மட்டும் இந்த நாட்டுக்கு வந்திருக்காவிட்டால், மேற்கு சிட்னித் தமிழர்கள் இன்றைக்கும் ரயிலில்தான் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கிரவீன், பெண்டில் ஹில், ஹோம்புஷ் என்று எந்தப் பக்கம் போனாலும், சந்தியில் ஒரு கார் தேவைக்கு மேல் நிதானித்து, பிரகாரம் சுற்றுகிறவர்போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், உள்ளே இருப்பவர் மாஸ்ரரிடம் கார் பழகியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். லைசென்சில் இருக்கும். எங்களுக்கு அவர் ட்ரைவிங் மாஸ்ரர். சுருக்கமாக மாஸ்ரர்.

கார் ஓடப் பழக்குகிறவர்களின் காரில் அவர்கள் இருக்கும் பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு பிரேக் இருக்கும். மாஸ்ரரின் வலது கால் அந்தப் பிரேக்கோடு வாழ்ந்து வாழ்ந்து, அது இல்லாத இடத்திலும் நிலத்தை மிதித்து அமர்த்தத் தொடங்கிவிட்டது. கலியாணவீட்டில் யாராவது சாம்பார் வாளியோடு விரைந்து வந்தால், கதிரையில் இருந்தபடியே அமர்த்துவார். ஒரு நடன அரங்கேற்றத்தில் பிள்ளை ஆடிக்கொண்டே மேடையின் விளிம்புவரை வந்துவிட்டாள். முன்வரிசையில் இருந்த மாஸ்ரர் அமர்த்திய வேகத்தில், அவருக்கு முன்னால் வைத்திருந்த பூச்சாடி உருண்டு போனது. அவர் கவனிக்கவில்லை. பிள்ளை நின்றுவிட்டாள் என்பதில் அவருக்குப் பெரிய திருப்தி.

படிப்பு முடித்து வேலை தேடிய காலத்தில் நானும் அவரிடம் கார் ஓடப் பழகினேன். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பக்கத்தில் பெரிய லொறி வந்து நான் நடுங்கினால், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொல்லுவார்.

“பிள்ளை, அந்த லொறிக்காரனுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியாது. உங்களுக்கும் அவன் ஆரெண்டு தெரியாது. ரெண்டு பேரும் அப்பிடியே இருந்திடுவம்.”

ஒரு சனிக்கிழமை, வகுப்பின் நடுவில் அவருடைய மனைவி ராணியக்காவிடமிருந்து போன் வந்தது. வயிற்றுக்குத்து, நிற்க முடியவில்லை என்றார். வீட்டுக்குப் போனோம். ராணியக்கா இரண்டாக மடிந்தபடி வந்து பின்சீற்றில் விழுந்தார். மாஸ்ரர் ஓடட்டும் என்று நான் இறங்கப் போனேன். அவர் அசையவில்லை. “நீங்களே ஓடுங்கோ” என்றார்.

மஞ்சள் எல் போர்ட் மாட்டிய காரில், பின்னால் ஒரு நோயாளி முனகிக்கொண்டிருக்க, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முன்னால் அவர் “இண்டிக்கேற்றர் போடுங்கோ”, “கண்ணாடி பாருங்கோ” என்கிறார். பின்னால் ராணியக்கா “ஐயோ முருகா” என்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு அம்புலன்சுக்கு நடுவே நான் காரைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு நேராக அதற்குப் பிறகு நிறுத்தியதேயில்லை.

பித்தப்பையில் கல். எடுத்துவிட்டார்கள். ஆனால் ராணியக்கா மனதில் இறங்கிய கல்லை யாராலும் எடுக்க முடியவில்லை. தான் சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனிசனுக்கு வகுப்புத்தான் பெரிதாகப் போய்விட்டது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து அவர் மாஸ்ரரின் காரில் ஏறுவதில்லை. ஒரே கலியாணத்துக்கு மாஸ்ரர் காரில் போவார், ராணியக்கா ரயிலில் போவார். பட்டுச்சேலையோடு ஸ்ரேஷனிலிருந்து நடந்து வந்து, கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும் மாஸ்ரருக்கு முன்பாகவே மண்டபத்துக்குள் போய்விடுவார். வருசக்கணக்காக இப்படியே நடந்தது. வீட்டில் சமையல், பேச்சு, சிரிப்பு எல்லாம் வழமைபோல. கார்க் கதவடியில் மட்டும் பிரிந்துவிடுவார்கள்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். நடைப் பைத்தியம். இத்தாலியில் கடலோரமாக ஊரூராக நடந்து போகும் பயணம் ஒன்றை அவர் திட்டமிட்டபோது, ராணியக்கா எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மலைச்சரிவில் தொங்குகிற ஐந்து சின்ன ஊர்கள், ஊருக்குள் கார் போகாது என்று என் கணவர் விளக்கினார். ராணியக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

“கார் போகாதோ? அப்ப நானும் வாறன்.”

மாஸ்ரர் முதலில் சிரித்தார். பிறகு, ராணியக்கா நடைக்கென்று சப்பாத்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கடைசியில் அவரும் வந்தார். வீதியில் வேலை செய்கிறவர்கள் போடுகிற, இருட்டில் மின்னும் மஞ்சள் மேலங்கி ஒன்றோடு வந்தார். பாதையில் போகிறவன் பார்வைக்குத் தெரிய வேண்டுமாம்.

அந்தக் கரையை நான் எப்படிச் சொல்ல? காலையில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இருக்காது. கீழே ஒரு படகு போனால், அது வானத்தில் போகிறதா தண்ணீரில் போகிறதா என்று ஒரு கணம் தெரியாது. மலையைப் படிபடியாக வெட்டிக் கல் அடுக்கித் திராட்சை வைத்திருந்தார்கள். ஊர்கள் ரோஜா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தன. யன்னலுக்கு யன்னல் துணி காய்ந்தது. ஒரு வளைவில் எலுமிச்சை வாசம் வரும், அடுத்த வளைவில் உப்புக்காற்று வரும். எங்கேயோ கீழே மாதா கோயில் மணி அடித்தால், அது எங்கள் காலடிக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கும். பேச்சு தானாகக் குறைந்தது. நடக்கிறோமா, யாரோ எங்களை மெல்ல நகர்த்துகிறார்களா என்று தெரியாத நடை.

மாஸ்ரர் மட்டும் முழு விழிப்பில் இருந்தார். நம்மூர் வழக்கப்படி இடது பக்கமாகவே நடந்தார். எதிரே வந்தவர்கள் வலது பக்கமாக வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஓர் இத்தாலியரோ ஜெர்மன்காரரோ அவர் மஞ்சள் மார்பில் வந்து முட்டினார்கள். ஓரிடத்தில் பாதை ஒருவர் மட்டுமே போகும் அளவுக்கு ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஆட்கள் தேங்கி நின்றார்கள். மாஸ்ரரால் பொறுக்க முடியவில்லை. நடுவில் போய் நின்று கையை உயர்த்தி ஒரு பக்கத்தை நிறுத்தினார், மறு பக்கத்தை விட்டார். மஞ்சள் மேலங்கியைப் பார்த்து அவரை அரசாங்க ஊழியர் என்றே எல்லோரும் நம்பினார்கள். “கிராட்சியே” என்று நன்றி சொல்லிப் போனார்கள். ஒரு கிழவி அவருக்கு ஒரு பீச் பழம் கொடுத்தாள். நாங்கள் மூவரும் கல்லில் அமர்ந்து, அவர் வேலையை முடிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குறை சொல்லக்கூடாது, நெரிசல் உண்மையிலேயே தீர்ந்தது.

இன்னொரு நாள் களைப்பில், மலை உச்சிக் கிராமம் ஒன்றுக்குச் சின்ன பஸ் ஒன்றில் ஏறினோம். சாரதி ஒரு கையால் ஓட்டினார், மறு கையால் பேசினார். கொண்டை ஊசி வளைவுகளில் மாஸ்ரர் அமர்த்திய அமர்த்தலில் அவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கியதும் நொண்டியபடி முன்னால் போய்ச் சாரதியின் கையைக் குலுக்கினார். டெஸ்டில் இவன் பாஸாக மாட்டான், ஆனால் ஆள் கெட்டிக்காரன் என்று எங்களிடம் சொன்னார்.

இதையெல்லாம் ராணியக்காவும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். அவருக்குப் பொறுக்காதது போன். அங்கே காலை என்றால் சிட்னியில் மாலை. மறுநாள் டெஸ்டுக்குப் போகிறவர்களுக்குச் சந்தேகங்கள் கிளம்பும் நேரம். கிரவீனிலிருந்து ஒரு பெண் அழைப்பாள், ரவுண்டபவுட்டில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று. மாஸ்ரர் மத்தியதரைக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, காற்றில் விரலால் வட்டம் போட்டு விளக்குவார். கடைசி நாளுக்கு முதல் நாள், ராணியக்கா கீழே ஒரு விரிகுடாவைக் காட்டி, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கோ என்றபோதும் அவர் காதில் போன் இருந்தது. கையால் “பொறு” என்று சைகை காட்டினார். ராணியக்கா திரும்பி, தனியாக, விறுவிறு என்று நடந்து மறைந்தார். என் கணவர், நான் பார்த்துக்கிறேன், நீ சார்கூட வா என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

போனை வைத்த பிறகுதான் மாஸ்ரருக்கு விசயம் விளங்கியது. அவசரமாக நடந்தார். அவர் அவசரப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான். ஒரு திருப்பத்தில் மழையில் வேலி சரிந்து போயிருந்தது. பாதை ஒரு பாய் அகலம். பக்கத்தில் பாறை நேராகக் கீழே இறங்கியது, அடியில் பச்சைத் தண்ணீர் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மாஸ்ரர் பாதிவரை போய்க் கீழே பார்த்தார். அவ்வளவுதான். வலது கால் நிலத்தை அமர்த்தியபடி விறைத்துவிட்டது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் வரவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. நான் அவர் சொல்லித்தந்த குரலிலேயே மெல்ல மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு என் குரல் கேட்டதாகவே தெரியவில்லை. பயத்தில் நான் கத்தினேன்: “ராணியக்கா!”

என் குரல் மலையில் மோதி எதிரொலித்தது. கொஞ்ச நேரத்தில் திருப்பத்தில் ராணியக்கா வந்தார், பின்னால் என் கணவர். ராணியக்கா மாஸ்ரரை ஒரு முறை பார்த்தார். கோபத்தை எங்கே வைத்துவிட்டு வந்தாரோ தெரியாது. நிதானமாக நடந்து வந்து, அவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில், விளிம்புப் பக்கமாகப் போய் நின்றார். மாஸ்ரரின் கைகள் இரண்டையும் பிடித்தார். அந்தக் கைகள் உதறிக்கொண்டிருந்தன.

“இஞ்சேருங்கோ, என்ரை முகத்தைப் பாருங்கோ. கீழ பாக்காதேங்கோ.”

மாஸ்ரர் பார்த்தார். பிறகு, அந்த இடத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் ராணி, கை நடுங்கினது. ஸ்ரியறிங்கைப் பிடிச்சிருந்தா உன்னைக் கொண்டுபோய் எங்கையாவது அடிச்சிருப்பன். அதுதான் பிள்ளையை ஓட விட்டனான்.”

ராணியக்கா அந்தக் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கீழே அலை வந்து போனது.

“இவ்வளவு வருசமா ஏன் சொல்லேல்லை?”

“மாஸ்ரருக்குக் கை நடுங்குமெண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

ராணியக்கா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பக்கவாட்டில் ஓர் அடி வைத்தார், மாஸ்ரரும் ஓர் அடி வைத்தார். நடுவில் மாஸ்ரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. இருவரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படியே, மணவறையைச் சுற்றுகிறவர்கள்போலக் கைபிடித்து, அந்தப் பாய் அகலத்தைக் கடந்தார்கள்.

அதைத் தாண்டி இருந்த ஒரு கல் மதிலில் மாலைவரை அமர்ந்திருந்தோம். வெயில் சாய்ந்து கடல் முழுவதும் தேன் நிறமானது. ராணியக்கா காட்டிய நிறத்தை மாஸ்ரர் ஒரு வழியாகப் பார்த்தார். நல்ல நிறம் என்றார். ராணியக்கா, காலையில் இதைவிட நன்றாக இருந்தது என்றார். என் கணவர் என் காதோடு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரலாமா என்று கேட்டார். நாங்கள் தள்ளிப் போனோம்.

சிட்னிக்கு வந்த பிறகு மாஸ்ரர் பழக்குவதை விடவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் வகுப்பு இல்லை, போனும் இல்லை. அன்று இருவரும் ரயிலெடுத்து எங்காவது ஒரு கடற்கரைக்குப் போய் நடக்கிறார்கள். எங்களையும் கூப்பிடுவார்கள். இருவரும் மிக மெதுவாக, பாதை முழுவதையும் அடைத்தபடி, எதையோ கதைத்துக்கொண்டு முன்னால் போவார்கள். போன கிழமை என் கணவர் பொறுமை இழந்து, ஓரமா ஒதுங்கி அவங்களைத் தாண்டிப் போயிடலாமே என்றார்.

போகலாம்தான். அவர்களை முந்திக்கொண்டு போக எனக்கு மனம் வருவதில்லை.